பரோக்னா பகட்டுன்னு எழுதலாமா? திருவிழா மலருக்கு அவசரமா ஒரு சந்தேகம்

கடக்கரைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவுல ஒரு கடக்கரை ஊரு. இந்த வருஷம் பங்குத் திருவிழா மலர் வேலைய இளைஞர் குழுகிட்ட குடுத்திருக்காங்க, அதுல கோயிலோட பழைய மரப்பீடத்தப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுற பொறுப்பு எனக்கு வந்துச்சு. பூசை வைக்கிற பலிபீடத்த சொல்லல, அதுக்குப் பின்னால செவுரு மாதிரி உசந்து நிக்குமே அது. நடுவுல மாதா சுரூபம், ரெண்டு பக்கமும் முறுக்குப் புழிஞ்ச மாதிரி திருகித் திருகி மேல போற தூணு, அந்தத் தூண்ல திராட்சக்கொடி சுத்தி ஏறுது, கொத்துக் கொத்தா பழம், வலது பக்கத் தூண்ல ஆள் உசரத்துக்குக் கொஞ்சம் மேல ஒரு சின்னக் குருவி பழத்தக் கொத்துது. பழைய தங்க வர்ணம் முக்காவாசி போயிட்டு, குருவியோட கழுத்துல மட்டும் இன்னும் கொஞ்சம் மினுங்கும். சின்ன வயசுல பூசைக்குப் போனா அந்தக் குருவியப் பாத்துட்டேதான் இருப்பேன், அம்மச்சி முதுகுல தட்டி முன்னால பாருன்னு சொல்லுவாங்க.

போன மாசம் கோவாவுல இருந்து வந்த ஒரு பிரதர் இதப் பாத்துட்டு "இது பரோக் பாணி, பத்திரமா வச்சுக்கிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். பரோக்னா என்னன்னு போன்ல தேடுனா பகட்டான, படாடோபமான, அளவுக்கு மிஞ்சின அலங்காரம்னு வருது. அத வச்சு "பகட்டான பரோக் பாணிப் பீடம்"னு எழுதிக் குடுத்துட்டேன். கமிட்டில படிச்ச ஒரு பெரியவரு "பகட்டுன்னு நீங்களே எழுதுறீங்க, அப்ப அத எதுக்கு வச்சிருக்கணும், எடுத்துட்டு கிரானைட் போட்ருவோம், தூசியும் அடையாது"ன்னு சொல்லிட்டாரு. அவரு கெட்ட எண்ணத்துல சொல்லல, ஆனா ரெண்டு மூணு பேரு தலையாட்டுனத பாத்ததும் எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது. நான் போட்ட ஒரு வார்த்தையால அந்தப் பீடம் போயிரக்கூடாது.

அதனால கேக்குறேன். பரோக்னா நெசமாவே பகட்டுதானா? தமிழ்ல இதுக்கு என்ன வார்த்த போடணும்? இன்னொண்ணு, எங்கூட படிச்ச பையன் ஒருத்தன் "நெறய வேலைப்பாடு இருந்தாலே பரோக்தான், சுசீந்திரம் கோயில் கூட பரோக்தான்"னு அடிச்சு சொல்றான், அது சரியா? திங்கக்கிழம அச்சுக்குப் போவுது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாகர்கோவில் பஸ்ஸ்டாண்டு:

இதுல என்ன குழப்பம், அகராதில பகட்டுன்னு போட்டிருந்தா பகட்டுதான். அந்த வார்த்த பிடிக்கலன்னா 'ஆடம்பர வேலைப்பாடு'ன்னு மாத்திருங்க. படிக்கிறவங்களுக்கு வெளங்கணும், அதுதான முக்கியம்.

வடசேரி பட்டறை:

தம்பி, ஆடம்பரம்னு மாத்திராத, கொஞ்சம் பொறு. எனக்குக் கட்டடம் பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா இந்த பரோக்ங்கிற வார்த்த எங்க தொழில்ல தெனமும் பொழங்குற வார்த்த. நான் வடசேரில கோயில் நகை பண்ற பட்டறை வச்சிருக்கேன், ராக்கொடி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ஜடைநாகம், இப்ப டான்ஸ் ஆடுற புள்ளைங்களுக்கும் அதே செட்டு. வெள்ளித் தகட்டுல செவப்புக் கெம்புக்கல்லு வச்சு, சுத்திலும் தங்க ரேக்கு வச்சுத் தேச்சு எடுக்குற வேல. இதுக்கு முத்துத் தொங்கல் வேணும், முத்து வாங்கப் போனா யாவாரி ரெண்டு பொட்டலம் பிரிப்பாரு. ஒண்ணுல உருண்ட முத்து. இன்னொண்ணுல இருக்கிறதுக்கு யாவாரத்துல பேரே 'பரோக் முத்து'தான். ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் சூம்பி, சிலது பல்லு மாதிரி, சிலது ரெண்டு முத்து ஒட்டிப் பொறந்த மாதிரி.

இத எழுதுறதுக்கு முன்னால ஒண்ண எடுத்து உள்ளங்கையில வச்சுப் பாத்தேன். உருண்ட முத்துல வெளிச்சம் ஒரு புள்ளியா விழுந்து அங்கயே நிக்கும். இதுல அப்படி இல்ல, கைய லேசா அசைச்சா வெளிச்சம் மேட்டுல ஏறி குழியில எறங்கி வழிஞ்சு ஓடுது, பச்ச தெரியுது, ரோஸ் தெரியுது, அடுத்த நிமிஷம் காணல. சரம் கோக்க இது ஆவாது, பக்கத்து முத்தோட சேந்து ஒக்காராது. ஆனா தனியா தொங்கவிட்டா பாக்குறவன் கண்ணு அதுலதான் போய் நிக்கும். எங்கப்பா இந்த மாதிரி முத்து வந்தா ஒதுக்கி வைப்பாரு, "இதுக்கு நாம ஒத்து வரணும், இது நமக்கு ஒத்து வராது"ம்பாரு. அந்தக் காலத்துல ஐரோப்பாவுல இருந்த நகை செய்றவங்களும் அப்படித்தான் பண்ணிருக்காங்க, கோணலா இருக்கிற முத்த எடுத்து அதோட வளைவப் பாத்து இது ஒரு அன்னப்பறவையோட உடம்பு, இது ஒரு கடல்கன்னியோட நெஞ்சுன்னு கண்டுபிடிச்சு, மிச்சத்த தங்கத்துல பண்ணிச் சேத்திருக்காங்க. ஜெர்மனில ட்ரெஸ்டன்ங்கிற ஊருல ராஜாவோட பழைய கருவூலம் ஒண்ணு மியூசியமா இருக்கு, அங்க இந்த மாதிரி முத்து பொம்ம நெறய உண்டு.

வார்த்த முத்துல இருந்து கட்டடத்துக்குப் போச்சா, கட்டடத்துல இருந்து முத்துக்கு வந்துச்சான்னு எனக்குத் தெரியல்ல. டீச்சர் யாராவது சொல்லட்டும்.

தக்கலை தமிழ் டீச்சர்:

முத்துல இருந்துதான் போச்சு அண்ணாச்சி, அதுவும் நம்ம பக்கத்துக் கடல்ல கெடச்ச முத்தோட சம்பந்தப்பட்டு. இத எழுதுறதுக்கே எனக்கு சந்தோஷமா இருக்கு, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கிடுங்க.

போர்த்துக்கீஸ் பாஷையில 'பரோக்கோ'ன்னா உருண்டையா இல்லாத முத்து. 1563ல கோவாவுல அச்சான கார்சியா த ஓர்த்தாங்கிற வைத்தியரோட புத்தகத்துல இந்தச் சொல்லு வருது, வடிவம் சரியில்லாத, உருண்டையா இல்லாத முத்துக்கு. அந்தக் காலத்துல போர்த்துக்கீஸ்காரங்க முத்து வாங்குன முக்கியமான எடத்துல ஒண்ணு, கன்னியாகுமரியில இருந்து மன்னார் வளைகுடாவ ஒட்டிப் போற கரை, அதுக்கு அவங்க வச்ச பேரே முத்துக்குளித்துறைக் கரை. பரதவங்க முங்கி எடுத்த சிப்பியில இருந்த கோண முத்த தட்டுல கொட்டி இது நல்லது இது பரோக்கோன்னு பிரிச்சிருப்பாங்க. கடக்கரைத் தம்பி, உங்க முன்னோர் கையில இருந்து போன சரக்கோட பேருதான் சுத்திட்டு உங்க பீடத்துக்கு வந்து நிக்குது.

பொறவு அது பிரெஞ்சுக்குப் போச்சு. 1694ல வந்த பிரெஞ்சு அகாதமி அகராதில பரோக்ங்கிற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான், சரியா உருண்டு வராத முத்து, அவ்வளவுதான். அதே அகராதியோட 1740 பதிப்புல இன்னொரு பொருள் சேருது, ஒழுங்கில்லாத, விசித்திரமான, சமமில்லாதன்னு. அதாவது 50 வருஷத்துக்குள்ள முத்தோட பேரு வசைச் சொல்லா ஆயிட்டு. 1768ல பிரெஞ்சுல எழுதுன சிந்தனையாளர் ரூசோ தன்னோட இசை அகராதில பரோக் இசைய குழப்பமான இசைன்னுதான் எழுதுறார். முந்தின தலைமுறை கட்டுன கோயிலையும் அரமனையையும் அடுத்த தலைமுறை பாத்து மூஞ்சியச் சுளிச்சு வச்ச பேரு அது. ரோமுல அந்தக் கோயில் வேலையெல்லாம் பண்ண பெர்னினியோ பொரோமினியோ தான் செய்றது பரோக்னு ஒரு நாளும் சொல்லிக்கிடல. 1888ல ஹைன்ரிஷ் வோல்ஃப்ளின்னு ஒரு கலை வரலாற்று ஆசிரியர் மறுமலர்ச்சியும் பரோக்கும்னு புத்தகம் எழுதினப்புறம்தான் இது வசையில இருந்து விடுபட்டு ஒரு காலத்தோட, ஒரு பாணியோட பேரா நிலைச்சுது. (தர்க்க சாஸ்திரத்துல 'பரோக்கோ'ன்னு ஒரு வாய்ப்பாடு உண்டு, சொல்லு அதுல இருந்து வந்துச்சுன்னும் ஒரு கட்சி இருக்கு. ஆனா அதிகம் பேரு ஒத்துக்கிடுறது முத்துதான்.)

ஆக, உங்க போன்ல வந்த பகட்டுங்கிற பொருள் பொய் இல்ல, ஆனா அது 1740லயே நிக்கிற பொருள். இன்னிக்கு ஒரு பீடத்தப் பாத்து பரோக்னு சொன்னா திட்டு இல்ல, விலாசம். இந்தக் காலம், இந்தக் குடும்பம்னு சொல்றது.

இன்னும் ஒண்ணு, அண்ணாச்சிக்காக. இந்தக் கோண முத்துக்குத் தமிழ்ல பேரு இல்லன்னு நெனச்சிராதீங்க. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் காலத்து நகைக் கணக்கு இருக்கு, அதுல ஒவ்வொரு நகையிலயும் என்னென்ன முத்து கோத்திருக்குன்னு தரம் பிரிச்சு எழுதியிருக்கான். வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பத்தி, அப்புறம் 'கறடு'. கறடுன்னா சொரசொரப்பா, ஒழுங்கா உருளாத முத்து. போர்த்துக்கீஸ்காரன் பரோக்கோன்னு சொல்றதுக்கு 500 வருஷத்துக்கு முன்னாலயே நம்மாளு கறடுன்னு எழுதி வச்சுட்டான். அதவிட எனக்குப் புடிச்சது என்னன்னா, கறடும் சாமி நகையில கோத்திருக்கு, வட்டமும் கோத்திருக்கு. கறடுன்னு ஒதுக்கிப் போடல.

வடசேரி பட்டறை:

டீச்சர், கறடுங்கிற வார்த்தைய இன்னிக்குத்தான் கேக்கேன். இரட்டையும் சப்பட்டையும் நாங்க இப்பவும் சொல்லுவோம். நாளையில இருந்து கறடும் சொல்லப்போறேன்.

நாகர்கோவில் பஸ்ஸ்டாண்டு:

டீச்சர் சொன்னது கொள்ளாம், நான் அவசரப்பட்டு எழுதிட்டேன். ஆனா ஒண்ணு கேக்கேன், சுசீந்திரத்துக்கு ஏன் சொல்லக்கூடாது? அந்த 134 அடி கோபுரம் பூரா சுதைப் பொம்ம, அலங்கார மண்டபத்துல தட்டினா சத்தம் வர்ற தூணு, பிரகாரத்துல வரிசையா வெளக்கேந்தின பொம்பள சிற்பம். இது அளவுக்கு மிஞ்சின வேலைப்பாடு இல்லாம வேற என்ன? சொல்லுன்னா பொதுவாத்தான இருக்கணும்.

குளச்சல் மாலுமி:

மக்கா, நான் கப்பல்ல வேல பாக்கேன். ரெண்டு வருஷம் முன்னால இத்தாலில சிவித்தாவெக்கியா துறைமுகத்துல கப்பல் நின்னப்ப ஒரு நாள் லீவு போட்டு ரோமுக்கு ரயில்ல போய்ட்டு வந்தேன். அங்க பாத்தத சொன்னா உங்க கேள்விக்கு பாதி பதில் கெடைக்கும்னு நெனைக்கேன்.

இராயப்பர் பேராலயத்துக்குள்ள (செயின்ட் பீட்டர்ஸ்) நடுப்பீடத்துக்கு மேல வெங்கலத்துல ஒரு பந்தல் நிக்கும், பெர்னினி பண்ணது, 1624ல தொடங்கி 1633ல முடிச்சது, உசரம் கிட்டத்தட்ட 29 மீட்டர். நாலு தூணும் திருகுத் தூணு. கடக்கரைக்காரன் தம்பி எழுதுன முறுக்குத் தூணு இருக்குல்ல, அதுக்குப் பெரிய தாத்தா இதுதான்னு வச்சுக்கிடு. நேர்த் தூணு பாத்தா சும்மா நிக்கும், பாரத்தச் சுமக்கும், அவ்வளவுதான். இந்தத் தூணப் பாத்தா நிக்குற மாதிரியே இல்ல, கீழ இருந்து மேல ஏறிட்டே இருக்கு, நம்ம கண்ணையும் சேத்து இழுத்துட்டுப் போவுது. அதுதான் பரோக்னு எனக்குப் பட்டுது. வேலைப்பாடு நெறய இருக்கிறது இல்ல விஷயம், எதுவும் அசையாம நிக்கக்கூடாது, அதுதான் விஷயம். கல்லு துணி மாதிரி காத்துல பறக்கணும், செவுரு வளைஞ்சு உள்ள போய் வெளிய வரணும், வெளிச்சம் எங்க இருந்து வருதுன்னே தெரியாம சாமி மேல விழணும்.

அப்புறம் இயேசு சபைக்காரங்களோட தாய்க்கோயில் ஜெசுங்கிறதுக்குப் போனேன், 1568ல தொடங்கி 1584ல முடிச்ச கோயில். உள்ள மச்சுல வரைஞ்சிருக்கிற படம் சட்டத்துக்குள்ள அடங்கல, மேகமும் ஆளுகளும் சட்டத்தத் தாண்டி வெளிய வழிஞ்சு விழுற மாதிரி வரைஞ்சிருக்கான், எது படம் எது சுதைன்னு கழுத்து வலிக்கப் பாத்தும் தெரியல்ல. அந்தக் கோயில்ல வலது பக்கத்துப் பீடத்துல சவேரியாரோட வலது கை இருக்கு. எனக்கு அது அங்க போய்த்தான் தெரியும். உடம்பு கோவாவுல பொம் ஜேசு பசிலிக்காவுல இருக்கு, கை மட்டும் 1614ல ரோமுக்குக் கொண்டு போனாங்களாம். 1544ல நம்ம கரையில ஊர் ஊரா வந்து ஞானஸ்நானம் குடுத்த கை அது. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போறவன் நான், அந்தக் கைக்கு முன்னால நின்னப்ப முட்டு மடங்கிட்டு, அப்படியே முட்டுல நின்னுட்டேன்.

இதுல இருந்து நான் புரிஞ்சிக்கிட்டது இதான். ரோமுல அந்தப் பாணி, அங்க இருந்து கோவா, கோவாவுல இருந்து கப்பல்லயும் சாமியார்மார் மூலமாவும் கரை கரையா. உங்க பீடத்த செஞ்ச ஆசாரி ரோமப் பாத்திருக்க மாட்டாரு, கோவாவப் பாத்திருப்பாரோ இல்ல படத்தக் காட்டிச் செய்யச் சொன்னாங்களோ, ஆனா திருகுத் தூணும் திராட்சக்கொடியும் அந்தக் குடும்பத்து மூஞ்சி. சுசீந்திரத்துக்கு அந்தக் குடும்பத்தோட எந்த உறவும் கெடயாது. அதப் போய் பரோக்னு சொன்னா நம்ம வீட்டுப் புள்ளைய அடுத்த வீட்டு இனிஷியல்ல கூப்பிடுற மாதிரி.

மயிலாடி கல்லுவேலை:

மாலுமி அண்ணன் சரியா சொன்னாரு. நான் மயிலாடில கல்லுல சிலை பண்றவன், எங்க வீட்டுல தாத்தா காலத்துல இருந்து இந்த வேலதான். நாகர்கோவில் பஸ்ஸ்டாண்டு அண்ணன் சொன்ன 'அளவுக்கு மிஞ்சின'ங்கிறதத்தான் என்னால ஒத்துக்க முடியல.

எங்க வேலையில ஒவ்வொண்ணுக்கும் பேரு இருக்கு, இடம் இருக்கு, அளவு இருக்கு. தூணு உச்சியில உத்தரத்தத் தாங்குறது போதிகை, அதுல வாழப்பூ மாதிரி தொங்குறது பூமுனை. தூணு சதுரத்துல இருந்து எட்டுப்பட்டைக்குத் திரும்புற மூலையில படமெடுத்த மாதிரி வர்றது நாகபந்தம். ஓரத்துல ஓடுற கொடி இலை வேலைக்கு கொடிக்கருக்கு. ஒரே கல்லுல பெரிய தூணும் அதுல ஒட்டி சின்னத் தூணுமா செதுக்குனா அணியொட்டிக்கால், சுசீந்திரத்து இசைத்தூணு அந்த வகை. இதுல எதையும் சில்பி தன் இஷ்டத்துக்கு இன்னும் கொஞ்சம் சேப்போம்னு சேக்க முடியாது, தாள அளவு ஒண்ணு இருக்கு, நூல் புடிச்சு கோடு போட்டுட்டுத்தான் உளி வைப்போம். அப்ப எது மிஞ்சுது? பாக்குறவன் கண்ணுக்குப் பேரு தெரியாததாலதான் மொத்தமா அலங்காரம்னு தோணுது. பேரு தெரிஞ்சா ஒவ்வொண்ணும் தனியாத் தெரியும்.

மரத்துலயும் அப்படித்தான். பத்மநாபபுரம் அரமனைக்கு போனீங்கன்னா பூமுகத்து மச்ச அண்ணாந்து பாருங்க, 90 பூ செதுக்கியிருக்கான், ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. ஆனா அந்த ரூம்ல நின்னா கண்ணு வலிக்காது, ஏன்னா கீழ தரை கறுப்பா கண்ணாடி மாதிரி வெறுமையா கெடக்கும், செவுரு சும்மா இருக்கும், வேல பூரா மேல. எங்க வேணும் எங்க வேண்டாம்னு தெரிஞ்சு பண்ண வேல. இத பரோக்னு சொன்னா அதோட கணக்கு தெரியாமப் போயிரும், பகட்டுன்னு சொன்னா செஞ்சவன் மனசு நோவும்.

தம்பி, உங்க பீடத்துக்கும் அதையே சொல்றேன். பேரு போட்டு எழுதுங்க. திருகுத்தூண், திராட்சக்கொடிக் கருக்கு, குருவி. மரம் என்ன மரம்னு பாருங்க, பின்பக்கம் வர்ணம் பூசாத எடம் இருக்கும், ரேகையப் பாத்தா தேக்கா பலாவான்னு எங்கூரு ஆசாரி யாராவது சொல்லிருவாங்க. இணைப்புல ஆணி இருக்கா, மரக்கட்டையாலயே பூட்டியிருக்கான்னும் பாருங்க.

தக்கலை தமிழ் டீச்சர்:

கல்லுவேலைத் தம்பி எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். பேரு தெரியாததாலதான் மொத்தமா அலங்காரம்னு தோணுதுங்கிறது எழுத்துக்கும் அப்படியே பொருந்தும்.

பள்ளிக்கூடத்துல நான் படிச்சுக் குடுத்த காலத்துல பிள்ளைங்க கட்டுரையில கொஞ்சம் அணி சேத்து எழுதுனா சக ஆசிரியர்களே 'பகட்டு நட'ன்னு சிவப்பு மையில எழுதுவாங்க. எனக்கு அது எப்பவும் வருத்தம். தமிழ்ல அணிங்கிற சொல்லு நகைக்கும் ஒண்ணு, கவிதையில வர்ற உவமை உருவகத்துக்கும் ஒண்ணு. நம்ம மரபுல அலங்காரம் ஒட்டு வச்ச சாமான் இல்ல. தண்டியலங்காரம்னு அணி இலக்கணம் சொல்ற பழைய நூல்ல செய்யுள் நெறி ரெண்டுன்னு வரும், வைதருப்பம், கௌடம். தெளிவா, ஒழுகிசையா, சமநிலையா போறது வைதருப்பம். சொல்ல இறுக்கிக் கோத்து, தொகைமேல தொகை அடுக்கி, மிகைய விரும்பிப் போறது கௌடம். வைதருப்பத்துக்கு மதிப்பு கூடத்தான், ஆனா கௌடத்தையும் நெறின்னுதான் சொல்றான், குற்றம்னு சொல்லல. அலங்காரம் மிகுந்த நடைக்கு ஒரு பேரு வேணும்னா நம்மகிட்ட ஏற்கெனவே கௌடம் இருக்கு. யாரும் இப்ப எடுத்து பொழங்குறதில்ல, அதுதான் கொற.

பரோக்குக்கும் தமிழுக்கும் நேரா ஒரு பாலம் உண்டுன்னா அது வீரமாமுனிவர். ரோமுல பெர்னினி கண்ண மூடுனதும் வட இத்தாலியில வீரமாமுனிவர் பொறந்ததும் ஒரே மாசம், 1680 நவம்பர். பரோக் கோயிலும் பரோக் பாட்டும் சுத்தி இருந்த நாட்டுல வளந்த மனுஷன், இயேசு சபையில சேந்து தமிழ்நாட்டுக்கு வந்து, 3615 பாட்டுல சூசையப்பருக்குத் தேம்பாவணி பாடுனாரு. அந்தப் பேரையே பாருங்க. தேம்பா அணின்னா வாடாத மாலை, தேன் பா அணின்னு பிரிச்சா தேன் மாதிரி பாட்டால கட்டுன மாலை. அதுல நகரவளம் பாடுற எடத்தப் படிச்சா சிந்தாமணியும் கம்பனும் கலந்து வரும், இத்தாலி வாசன தேடினாலும் கெடைக்காது. அந்தாளு ஊர்ல இருந்து பரோக்கத் தூக்கிட்டு வந்து இங்க எறக்கல, இங்க இருந்த அணிய எடுத்துத் தன் பக்திக்குப் போட்டுக்கிட்டாரு. அதனால நான் தேம்பாவணிய பரோக் காவியம்னு சொல்லமாட்டேன், அணி நிறைஞ்ச தமிழ்க் காவியம்னுதான் சொல்லுவேன்.

இப்ப மலருக்கு. பரோக்ங்கிறத மொழிபெயர்க்க வேண்டாம், கர்நாடக சங்கீதம், கோதிக் கோயில்னு சொல்றோம்ல, கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா கோயிலக் கோதிக்னுதான எல்லாரும் சொல்றோம், அது மாதிரி பேராவே நிக்கட்டும். பக்கத்துல ஒரு வரி வெளக்கம் போடுங்க. பகட்டு, படாடோபம், ஆடம்பரம் மூணும் வேண்டாம், மூணுலயும் 'தேவையில்லாம'ங்கிறது ஒளிஞ்சிருக்கு. அலங்காரம்னா பரவாயில்ல. உங்க கடக்கரையில இன்னும் அழகான சொல்லு ஒண்ணு உண்டு, சோடனை. திருவிழாவுக்கு கோயிலச் சோடிக்கிறதுன்னு சொல்லுவீங்கல்ல? சோடனையில பெருமையும் பாசமும் சேந்து இருக்கு, யாரும் சோடனைய வேண்டாம்னு கிரானைட் போட மாட்டாங்க.

கடக்கரைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி இத எல்லாத்தையும் அம்மச்சிக்கு வாசிச்சுக் காட்டுனேன். அவங்களுக்கு பெர்னினியும் ரூசோவும் வேண்டாம், கோண முத்து கதைய மட்டும் ரெண்டாவது தடவ சொல்லச் சொன்னாங்க. அப்புறம் சொன்னாங்க, அவங்க கலியாணம் முடிஞ்சு வந்த புதுசுல அந்தத் திருகுத் தூணுக்கு ஊருல 'ஏறுந்தூண்'னு பேராம். மாலுமி அண்ணன் நிக்கல ஏறுதுன்னு எழுதுனத வாசிச்சப்பதான் அவங்களுக்கு அது ஓர்மை வந்துச்சு. நான் இந்த ஊர்லயே பொறந்து வளந்தும் கேட்டதில்ல.

இன்னிக்கு காலையில பூசை முடிஞ்சதும் டார்ச் அடிச்சுப் பின்பக்கம் பாத்தேன் அண்ணே. வர்ணம் இல்லாத எடத்துல மரம் மஞ்சளா இருக்கு, ஆணி ஒண்ணு கூட இல்ல, எல்லாம் மரப்பூட்டுதான். பலாவாத்தான் இருக்கும்னு ஒருத்தர் சொல்றாரு, உங்க ஊரு ஆசாரி நம்பர் தனியா அனுப்புங்க, கூட்டிட்டு வந்து காட்டுறேன்.

மாத்தி எழுதுனது இது, தப்பு இருந்தா சொல்லுங்க:

"நம் ஆலயத்தின் மரப்பீடம் பரோக் பாணியைச் சேர்ந்தது. ரோமில் தோன்றி கோவா வழியாகக் கடற்கரை ஊர்களுக்கு வந்த பாணி இது. பரோக் என்ற பெயர், கோணலான முத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லில் இருந்து வந்தது. அத்தகைய முத்தை நம் முன்னோர் கறடு என்றார்கள். பீடத்தின் இருபுறமும் உள்ள திருகுத்தூண்களை ஊர் மக்கள் ஏறுந்தூண் என்று அழைத்தனர். வலது தூணில் திராட்சைக் கொடியின் நடுவே ஒரு குருவி பழம் கொத்துகிறது. ஆணி இல்லாமல் மரப்பூட்டால் இணைத்த இந்தச் சோடனை, நம் ஊர்த் தச்சுக்கலைக்குச் சாட்சி."

கமிட்டிப் பெரியவருகிட்ட இத வாசிச்சுக் காட்டுனேன். குருவி எங்க இருக்குன்னு கேட்டாரு. 60 வருஷமா அதே கோயிலுக்கு வர்ற மனுஷன், பாத்ததில்லயாம். கூட்டிட்டுப் போய் காட்டுனேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு நின்னாரு, பொறவு கிரானைட் பேச்சு எடுக்கல, "கழுத்துல தங்கம் இன்னும் இருக்கு பாத்தியா"ன்னு மட்டும் கேட்டாரு.

வடசேரி அண்ணாச்சி, அந்த முத்த வித்துராதீங்க. சனிக்கிழம வர்றேன், மலருக்கு அதையும் ஒரு போட்டோ எடுக்கணும்.

வடசேரி பட்டறை:

வா தம்பி. மத்தியானத்துக்கு மேல வா, மேக்கு ஜன்னல்ல வெயில் விழும்போது எடுத்தாத்தான் அந்த ரோஸ் தெரியும்.